பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோர்

இன்றைக்குத்தான், இன்றைக்கேதான் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே மங்கையர்க்கரசி செண்பகா நகர்ப் பூங்காவின் இரும்புக் கேட்டைத் தள்ளினாள். ஐந்தடிக்கப் பத்து நிமிஷம். வேப்பமரத்தடி சிமென்ட் பெஞ்சு காலியாக இருந்தது. காலியாக இல்லாமல் என்ன, பதினாலு மாசமாக அவள் உட்கார்ந்து உட்கார்ந்து அது அவளுடைய பெஞ்சு என்று அங்கே திரிகிற நாய்க்குக்கூடத் தெரியும். ஊஞ்சலுக்கு நேர் எதிரே இருப்பதுதான் அந்தப் பெஞ்சின் விசேஷம், மற்றபடி எறும்பும் காக்கா எச்சமும்தான். இரண்டு ஊஞ்சலில் ஒன்று சங்கிலி அறுந்து ஆறு மாசமாகக் கம்பியில் சுற்றிக் கிடக்கிறது, நலச்சங்கம் அடுத்த கூட்டத்தில் பேசுமாம், பேசட்டும், ஆக ஆடுவதற்கு இருப்பது ஒரே ஊஞ்சல், அதில் இப்போது மூன்று வயசுப் பொடிசு ஒன்று பலகையில் குப்புறப் படுத்துக் காலை உதைத்துக்கொண்டிருந்தது. உதைக்கட்டும். அந்தப் பொடிசோடு அவளுக்கு என்ன விரோதம். அவளுக்கு வேண்டியது பிரமிளாவின் மகள் மிருதுளா. இன்றைக்கு மிருதுளாவுக்குப் பன்னிரண்டு வயது முடிகிறது. பிறந்தநாள் என்றால் இந்தப் பூங்காவுக்கு வரும் பிள்ளைகள் புது உடுப்புப் போட்டுக்கொண்டு மிட்டாய் டப்பாவோடு வந்து எல்லாருக்கும் கொடுப்பது வழக்கம், அவளும் கொடுப்பாள், கொடுத்து முடித்துவிட்டு நேரே ஊஞ்சலுக்கு ஓடுவாள், ஒரு வீச்சு, இரண்டு வீச்சு, மூன்றாவது வீச்சில் மங்கையர்க்கரசி எழுந்து நின்று வாட்ச்மேன் அந்தோணிசாமியைக் கூப்பிட்டு, கேட் பக்கத்து அறிவிப்புப் பலகையைக் காட்டுவாள். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோர் ஊஞ்சல், சறுக்குமரம் ஆகியவற்றைப் பயன்படுத்தக் கூடாது, மீறுவோர் வெளியேற்றப்படுவர். அந்தோணிசாமி விசிலை வாயில் வைப்பார். அத்தனை பேர் பார்க்க, அவள் அம்மா பார்க்க, புது உடுப்போடு அந்தப் பெண் கீழே இறங்கும். இறங்குகிற அந்தப் பொழுது பிரமிளாவின் முகம் எப்படி இருக்கும் என்பதைத்தான் மங்கையர்க்கரசி ஜனவரி மாசத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள், தினசரிக் காலண்டர் புதிதாக மாட்டின அன்றைக்கே இந்தத் தேதித் தாளின் முனையை மடித்து வைத்துவிட்டாள். குணாளன், அவள் புருஷன், மடிப்பைப் பார்த்துவிட்டு, அன்னைக்கு என்ன, கேஸ் சிலிண்டர் புக் பண்ணணுமா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தாள்.

பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள், ஆகஸ்ட் மாசப் புழுக்கம், மழை வருகிறேன் வருகிறேன் என்று நாலு நாளாக ஏய்த்துக்கொண்டிருக்கிறது, இன்றைக்கு மட்டும் வந்துவிடக் கூடாது. வந்தால் அந்தப் பெண் வராது. மேலே பார்த்தாள். மேற்கே கொஞ்சம் கறுப்பு, அவ்வளவுதான், தாங்கும். பூங்காவின் நடுவில் கூழாங்கல் பதித்து எட்டுப் போட்ட நடைபாதை, அதில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏழெட்டுப் பேர் ஒருத்தர் பின்னால் ஒருத்தராக எட்டு நடந்துகொண்டிருந்தார்கள், சர்க்கரை குறையுமாம், முட்டிவலி போகுமாம், பிரமிளா அன்றைக்கு இந்த எட்டுக்குள்ளேயிருந்துதான் வந்தாள். பாதியில் விட்டுவிட்டு, வெறுங்காலோடு. அந்தக் காலில் மெட்டி மின்னினதுகூட நினைவிருக்கிறது. போன வருஷம் ஜூன், பள்ளிக்கூடம் திறந்த இரண்டாவது வாரம், மங்கையர்க்கரசியின் மகன் பரிதி ஊஞ்சலில் இருந்தான். இளம்பரிதி என்று பெயர் வைத்தது குணாளன், அவனுக்கு அப்போது பதினைந்து, மீசை கறுக்கத் தொடங்கியிருந்தது, குரல் உடைந்துவிட்டது, மனசு மட்டும் நாலு வயசிலேயே நின்றுகொண்டது, இதை எத்தனை பேரிடம் எத்தனை தடவை சொல்வது, சொன்னால் ஐயோ பாவம் என்பார்கள், ஐயோ பாவம் என்று சொல்லிக்கொண்டே தங்கள் பிள்ளையைக் கொஞ்சம் இந்தப் பக்கம் இழுத்துக்கொள்வார்கள். ஊஞ்சலுக்குப் பிள்ளைகள் தாங்களே ஒரு முறை வைத்திருந்தார்கள், ஒருத்தர் ஆட அடுத்தவர் பக்கத்தில் நின்று ஐம்பது எண்ண வேண்டும், ஐம்பது ஆனால் இறங்கிவிட வேண்டும். பரிதிக்கு எண்ணத் தெரியாது. ஆனால் எண்ணுகிற ராகம் தெரியும். ஏழு வருஷமாகக் கேட்ட ராகம், எங்கே ஏறும், எங்கே இழுக்கும், ஐம்பது எந்த இடத்தில் வந்து விழும் என்று அவனுக்கு உடம்பில் ஏறியிருந்தது, ஐம்பது என்றதும் தானே கைதட்டிக்கொண்டு இறங்கி வரிசையின் கடைசியில் போய் நிற்பான், அவனைப்போல ஒழுங்காக இறங்கின பிள்ளை இந்தப் பூங்காவிலேயே கிடையாது. அன்றைக்கு எண்ணினது மிருதுளா. இருபத்தொன்பது வரைக்கும் ஒழுங்காக வந்தாள், அடுத்தது நாற்பது என்றாள். அவசரம் அவளுக்கு. முப்பதை முழுசாக விழுங்கிவிட்டாள். ஐம்பது என்று கத்தியபோது பரிதி இறங்கவில்லை. சங்கிலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முப்பது முப்பது என்று கத்தினான். அவன் சொன்னது சரி. அந்த இடத்தில் அன்றைக்குச் சரியாகச் சொன்ன ஒரே ஆள் அவன்தான்.

அந்தப் பெண் சங்கிலியைப் பிடித்து இழுத்தது, அவன் கத்தினான், அந்தப் பெண் வீலென்று அலறியது, அதற்குள் பிரமிளா எட்டுப் பாதையிலிருந்து வந்துவிட்டாள், மகளைப் பிடித்துத் தன் பின்னால் நிறுத்திக்கொண்டாள், மங்கையர்க்கரசி பெஞ்சிலிருந்து ஓடி வந்து, இல்லம்மா, அந்தப் பாப்பா முப்பதை விட்டுடுச்சு, அதான் அவன் என்று ஆரம்பித்தாள், யார் கேட்டார்கள். “அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க” என்று பிரமிளா சொன்னாள், இந்த ஊரில் தப்பாகவே எதையாவது சொல்லப் போகிறவர்கள்தான் அப்படித் தொடங்குவார்கள், “தப்பா எடுத்துக்காதீங்க, உங்க பையன் பாவம்தான், யாரு இல்லேன்னா. ஆனா ஆளு வளந்துட்டான். இது பொம்பளப் புள்ளைங்க விளையாடற இடம்.” பொம்பளப் புள்ளைங்க விளையாடற இடம். சொல்லிவிட்டுப் பலகையைக் கையால் காட்டினாள், “போர்டுலயே போட்டிருக்குக்கா, ரூல்ஸ்னா எல்லாருக்கும் ரூல்ஸ்தான்.” அந்தப் பலகையை அதுநாள் வரைக்கும் ஒருத்தர் படித்ததில்லை. காலேஜ் பையன்கள் ஆடினார்கள், புதுசாகக் கல்யாணமானவர்கள் ஒருத்தரையொருத்தர் ஆட்டிவிட்டார்கள், இதே பிரமிளா மகளை மடியில் வைத்துக்கொண்டு ஆடியிருக்கிறாள், மங்கையர்க்கரசி தன் கண்ணால் பார்த்திருக்கிறாள். பரிதியின் மீசைக்குத்தான் பலகை உயிர் பெற்றது. வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் நலச்சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் பலகையின் படம், கீழே கும்பிடுகிற கை பொம்மை ஒன்று, பிள்ளைகளின் பாதுகாப்பை முன்னிட்டு என்று ஒரு வாசகம். பதினெட்டுப் பேர் கட்டைவிரல் தூக்கியிருந்தார்கள். பதினெட்டுப் பேரில் ஒன்பது பேரை அவளுக்குத் தெரியும், மூன்று பேர் அவள் கையால் காப்பி குடித்தவர்கள். பாதுகாப்பாம். யாரிடமிருந்து யாருக்கு. பட்டாம்பூச்சி தோளில் உட்கார்ந்தால் அது பறந்து போகிற வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பிள்ளையிடமிருந்தா. அன்றைக்குத் திரும்ப நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பரிதியின் கையைப் பிடித்துக்கொண்டு வாயைப் பொத்திக்கொண்டு வந்துவிட்டாள், அதுதான் இன்றுவரை குடைகிறது, அவள் சொன்னதைவிட இவள் சொல்லாததுதான் அதிகமாகக் குடைகிறது.

ஆகையால்தான் பூங்காவுக்கு வர ஆரம்பித்தாள், தனியாக, அதே நேரத்துக்கு, இதே பெஞ்சுக்கு. குணாளனுக்குப் பால் பண்ணையில் விடிகாலை ஷிப்ட், இரண்டு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவார், பரிதியை அவரிடம் விட்டுவிட்டுக் நடக்கப் போகிறேன் என்று கிளம்பினால் போதும். ரூல்ஸ் எல்லாருக்கும்தானே, சரி, எல்லாருக்கும் ஆகட்டும். முதல் மாசமே ஏழாம் வகுப்பு இரட்டையர் இரண்டு பேரை இறக்கினாள், அவர்கள் அம்மா கட்டைவிரல் தூக்கினவள். அடுத்தது எதிர்வீட்டு ரிட்டையர்டு இன்ஜினியரின் பேரன், பதின்மூன்று நடக்கிறது, அமெரிக்காவிலிருந்து பத்து நாள் லீவில் வந்திருந்தான், அவனையும் விடவில்லை. “ஏம்மா, வெளியூர்ப் புள்ள, ஆடிட்டுப் போவட்டுமே” என்று அந்தோணிசாமி தலையைச் சொறிந்தார். “பலகையில வெளியூருன்னு தனியா எழுதியிருக்கா அண்ணே” என்றாள். பாவம் அவர், அறுபது தாண்டின மனுஷன், பரிதி ஏறினால் முதுகில் கைவைத்து ஆட்டிவிட்டவர், அன்றைக்குப் பிரமிளா பேசினபோது செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார், அதற்காக அவரையும் இவள் கொஞ்சம் வதைத்துக்கொண்டுதான் இருக்கிறாள். பிள்ளைகள் அவளுக்கு ரூல்ஸ் ஆன்ட்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள், அவள் காதுபடவே சொல்லுவார்கள், சொல்லட்டும், வைத்த பெயருக்குப் பழுது வராமல் நடந்துகொள்கிறாள். ஆனால் இதெல்லாம் சில்லறை. கையில் பிடித்துப் பழகுவதற்கு. இந்தப் பெண் ஒருத்திக்காகத்தான் இத்தனையும், போன வருஷம் இதே தேதியில் மிட்டாய் டப்பாவை நீட்டி, லெவன் ஆன்ட்டி என்று பல்லைக் காட்டினாளே, அன்றைக்கு மனசுக்குள் விழுந்த கணக்கு, இன்னும் ஒரே வருஷம். இரண்டு மாசத்துக்கு முன்னால் முப்பதை விழுங்கின வாய் அது. அவளுக்குத் தெரியும், தான் விட்டுவிட்டுத்தான் எண்ணினோம் என்று அவளுக்குத் தெரியும், அம்மா பின்னால் நின்றுகொண்டு அத்தனையும் கேட்டுக்கொண்டு ஒரு வார்த்தை, அம்மா நான்தான் என்று ஒரே ஒரு வார்த்தை. பத்து வயசுப் பிள்ளைதானே என்று யாராவது சொன்னால் மங்கையர்க்கரசிக்குச் சிரிப்பு வரும். பரிதிக்கு நாலு.

அவனுக்கு நாற்பது ஆகும்போதும் நாலுதான், அப்போது அவளுக்கு எழுபத்தொன்று, குணாளனுக்கு எழுபத்தாறு, இருந்தால். இந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு எப்போதும் காலைப் பின்னால் இழுத்துக்கொள்ளும். அவனுக்குச் சவரம் செய்துவிடுவது யார், பேன்ட் பித்தானைப் போட்டுவிடுவது யார், அக்காள் தங்கை கிடையாது, ஒன்றே போதும் என்று விட்டுவிட்டார்கள், இன்னொன்றும் இப்படியே வந்தால் என்ற பயம், அந்தப் பயத்தை இரண்டு பேரும் ஒரு நாள்கூட வாய்விட்டுப் பேசினதில்லை. எண்ணெய் காய்கிற வாசனை வந்தது, கேட்டுக்கு வெளியே பஜ்ஜி வண்டிக்காரி அடுப்பைப் பற்றவைத்துவிட்டாள், அப்படியானால் ஐந்தே கால். ஊஞ்சல் கிறீச் என்றது, ஒரு வீச்சுக்கு ஒரு கிறீச், அந்தச் சத்தத்தைப் பரிதி வாயால் அப்படியே செய்வான், வீட்டில் சாப்பிடும்போதுகூடக் கிறீச் என்று சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்ப்பான். இப்போது செய்வதில்லை. எப்போதிலிருந்து செய்வதில்லை. அவள் யோசித்துப் பார்த்தாள், பொங்கலுக்குச் செய்தானா, சித்திரையில் செய்தானா, பிடிபடவில்லை, அந்த நினைப்பை அங்கேயே போட்டுவிட்டுப் பலகைக்குத் திரும்பினாள். பலகையில் ஒரு சிக்கல் இருக்கிறது. பன்னிரண்டுக்கு மேற்பட்டோர். இன்றைக்குப் பன்னிரண்டு முடிகிறது, முடிந்த நிமிஷமே மேற்பட்டவளா, இல்லை நாளைக்குத்தான் மேற்படுவாளா. இதை அவள் மூன்று மாசமாக அரைத்துக்கொண்டிருக்கிறாள். பன்னிரண்டு முடிந்து பதின்மூன்று நடப்பு, ஜோசியக்காரரிடம் போனாலும் அப்படித்தான் சொல்வார், நடப்பு வந்துவிட்டால் மேலேதான். பிரமிளா வாயைத் திறந்தால் அதையே சொல்லி அடைத்துவிடலாம். நடப்பு பதின்மூன்று. ஆளு வளந்துட்டாம்மா. தப்பா எடுத்துக்காத. இதைச் சொல்லும்போது குரலை உயர்த்தக் கூடாது, பிரமிளா சொன்ன மாதிரியே, அதே தேன் தடவின மாதிரி, பதமாகச் சொல்ல வேண்டும்.

ஐந்து முப்பத்தைந்துக்கு வந்தார்கள். மங்கையர்க்கரசிக்கு மார்பு அடித்துக்கொண்டது, கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தபோதுகூட இப்படி அடித்துக்கொண்டதில்லை. முன்னால் பிரமிளா, அவள் பின்னால் மிருதுளா, பச்சைச் சுடிதார், நீட்டுத் துப்பட்டா, போன வருஷம் கவுனில் குதித்துக்கொண்டு வந்தவள் இன்றைக்குத் தோளைக் கொஞ்சம் குறுக்கிக்கொண்டு நடந்தாள், இரண்டு தோழிகள் பக்கத்துக்கு ஒருத்தியாக. டப்பா சுற்றியது. நடக்கிறவர்களுக்கு, பொடிசுகளுக்கு, அந்தோணிசாமிக்கு, அவர் இரண்டு எடுத்துக்கொண்டார். பிறகு பெஞ்சுக்கு வந்தது. எடுத்துக்கோங்க ஆன்ட்டி. எடுத்துக்கொண்டாள், ஹேப்பி பர்த்டே என்றும் சொன்னாள். பிரமிளா தூரத்திலிருந்தே தலையை அசைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றி எட்டுக்குள் போய்விட்டாள். சரி. இனி ஓட வேண்டியதுதான், ஓடு. பொடிசு இறங்கிப் போய்விட்டது, ஊஞ்சல் காலியாகத் தானாக ஆடி நின்றுகொண்டிருந்தது, வரிசையில் ஒருத்தரும் இல்லை, இப்படி ஒரு வாய்ப்பு வருமா. மிருதுளா போகவில்லை. மூன்று பெண்களும் கொடுக்காப்புளி மரத்தடியில் நின்று எதையோ பேசி ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து சிரித்தார்கள். பேசட்டும், ஐந்து நிமிஷம். ஐந்து நிமிஷம் ஆயிற்று. ஐந்தே முக்கால். ஒருத்தி போனை நீட்டினாள், மூன்று தலையும் அதற்குள் கவிழ்ந்தது. ஏறு, ஏறித் தொலை. ஆறு அடிக்கப் போகிறது, அம்மா எட்டு நடந்து முடித்துவிட்டால் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். காற்றுக்கு ஊஞ்சல் ஒரு தடவை கிறீச்சிட்டது, மிருதுளா திரும்பிப் பார்த்தாள், மங்கையர்க்கரசி பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள், பார்த்தவள் நெற்றி முடியை ஒதுக்கிக்கொண்டு மறுபடி போனுக்குள் போய்விட்டாள். ஏற மாட்டாளா. ஏறாவிட்டால் எப்படி இறக்குவது. இதை அவள் யோசிக்கவே இல்லை, பன்னிரண்டா பதின்மூன்றா என்று மூன்று மாசம் அரைத்தவள் இந்த ஒன்றை யோசிக்கவே இல்லை. எழுந்தாள். எழுந்தபோது இன்னும் என்ன செய்யப் போகிறோம் என்று தெரியாது, கால் தானாகக் கொடுக்காப்புளி மரத்தடிக்குப் போயிற்று.

“பாப்பா, ஊஞ்சல் காலியா கெடக்கே. போய் ஆடலியா?” என்றாள். தன் குரல்தானா என்று இருந்தது, பொறியில் தேங்காய்ச் சில்லு வைக்கிற குரல். தோழிகள் இரண்டு பேரும் ரூல்ஸ் ஆன்ட்டியா இது என்று ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். மிருதுளா சிரித்தாள், வெட்கப்பட்டுக்கொண்டு, மரியாதையாகத்தான். “ஐயோ, வேணாம் ஆன்ட்டி. அதெல்லாம் சின்னப் பசங்களுக்கு. எனக்கு இப்பல்லாம் பிடிக்கறதே இல்ல, தலை சுத்துது.” பிடிக்கிறதே இல்லை. “எப்பலேருந்து?” “தெரியல ஆன்ட்டி. போன வருஷமே விட்டுட்டேன்னு நினைக்கறேன்.” இந்தப் பெஞ்சிலிருந்துதானே தினமும் பார்த்தாள், இந்தப் பெண் ஏறினது எப்போது, கடைசியாக எப்போது, ஏதோ ஒரு பொடிசு ஆடிக்கொண்டிருந்தது, அதை இவள் என்றே நினைத்துக்கொண்டு பார்த்தாளா, இல்லை தேதியையே பார்த்துக்கொண்டிருந்ததில் ஆளைப் பார்க்க மறந்தாளா. விடக் கூடாது என்று தோன்றியது, மிச்சம் ஒன்று இருக்கிறது, “நீ அன்னைக்கு முப்பதை விட்டுட்டு எண்ணினியே, ஞாபகம் இருக்கா?” என்றாள். மிருதுளா கண்ணை விரித்தாள். மறைக்கவில்லை, நடிக்கவில்லை, உண்மையாகவே தேடினாள், பிள்ளைகள் பரீட்சையில் தெரியாத கேள்விக்குத் தேடுகிற மாதிரி. “எந்த முப்பது ஆன்ட்டி?” என்றாள்.

ஒன்றுமில்லைம்மா என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். பெஞ்சு வரைக்கும் போகவில்லை, ஊஞ்சலுக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டாள். இந்தப் பிள்ளைகளை யாரால் இறக்க முடியும். விசில் வேண்டாம், பலகை வேண்டாம், ஒரு நாள் தாங்களாகவே இறங்கிவிடுகிறார்கள், இறங்கினது எந்த நாள் என்றுகூட அவர்களுக்கு நினைவிருப்பதில்லை, அந்தப் பலகை அவர்களுக்காக எழுதினது இல்லை, ஊரிலேயே ஒருத்தனுக்காகத்தான் எழுதியிருக்கிறார்கள். பதினாலு மாசம். தினமும் ஒன்றேகால் மணி நேரம், மழை பெய்தால் குடையோடு, தீபாவளியன்றைக்குக்கூட. இந்த ஒன்றேகால் மணி நேரம் யாருடையது. நாலரை ஆனால் பரிதி ஷூவைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் மடியில் போடுவான், அது அவன் மணி, அவனுக்குக் கடிகாரம் அதுதான். அன்றைக்கு மறுநாள் ஷூவோடு வந்தபோது, பார்க் பூட்டியாச்சுடா கண்ணா என்றாள். பெரிய பூட்டா என்று கையை விரித்துக் கேட்டான், பெரிய பூட்டு என்றாள். அதற்கடுத்த நாளும் வந்தான், பூட்டு என்றாள். நாற்பது நாள் போல ஷூ வந்தது, பிறகு வரவில்லை. அவனிடம் பூட்டு என்று சொல்லிவிட்டுக் கதவை மூடிக்கொண்டு அவள் நேரே இங்கே வந்தாள், திறந்து கிடக்கிற பூங்காவுக்கு, அவன் ஊஞ்சலுக்கு எதிரே உட்கார்ந்து, ஊரார் பிள்ளைகளின் வயசை எண்ணுவதற்கு. பிரமிளா அவனை இறக்கினது ஒரே ஒரு நாள். மிச்ச நானூறு நாளும் அவனை இறக்கி வைத்தது யார். பிரமிளாவை அவள் மன்னிக்கவில்லை, மன்னிக்கப் போவதும் இல்லை, சாகிற வரைக்கும் அந்த மெட்டிக் காலை மறக்கப் போவதில்லை, ஆனால் இப்போது வருகிற கோபத்துக்கு முகம் தேடினால் பிரமிளா முகம் வரவில்லை. ஒரு அம்மா கைக்குழந்தையோடு ஊஞ்சல் பக்கம் வந்துகொண்டிருந்தாள். மங்கையர்க்கரசி திரும்பி, புடவையை ஒதுக்கிக்கொண்டு, ஊஞ்சல் பலகையில் உட்கார்ந்துவிட்டாள்.

உட்கார்ந்த மாத்திரத்தில் சங்கிலி இரண்டு பக்கமும் இடுப்பை நெருக்கியது, கிறீச் என்றது, தூரத்தில் தோழிகளில் ஒருத்தி வாயைப் பொத்தினாள். இடுப்பிலிருந்து போனை எடுத்தாள். “என்னங்க, பரிதிக்கு ஷூ போட்டுக் கூட்டிக்கிட்டு வாங்க. பார்க்குக்கு.” “பார்க்குக்கா? ஏய், என்ன ஆச்சு உனக்கு” என்றார் குணாளன், “பூட்டியாச்சுன்னு சொல்லி இத்தனை நாள் வச்சிருக்கே, இப்ப கேட்டான்னா நான் என்ன சொல்றது?” “அம்மா பொய் சொல்லிட்டான்னு சொல்லுங்க. சொல்லுவீங்களா?” “வர்றோம்” என்றார். விசில் சத்தம் கேட்டது. அந்தோணிசாமி கேட்டருகே நின்று முதலில் பழக்கத்தில் ஊதிவிட்டார், ஊதின பிறகுதான் யார் என்று பார்த்தார், விசில் வாயிலிருந்து நழுவியது, கிட்ட வந்து, “அம்மா, நீங்களே இப்படி உக்காந்தா நான் யாரை எறக்கறது” என்று கும்பிடாத குறையாக நின்றார். எட்டு நடந்துகொண்டிருந்தவர்கள் நடந்த இடத்திலேயே நின்றார்கள். பிரமிளா வந்தாள், அன்றைக்கு வந்த மாதிரியே, வெறுங்காலோடு, பாதியில் விட்டுவிட்டு. “என்னக்கா இது, சின்னப் புள்ளைங்க நிக்குது பாருங்க, எழுந்திரிங்க” என்றாள், அதே பதம், அதே தேன். மங்கையர்க்கரசி எழுந்திருக்கவில்லை, ஆடவும் இல்லை, பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் துண்டு போட்டவள் மாதிரி இரண்டு சங்கிலியையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டுப் பக்கமே பார்த்தாள்.

“இடம் பிடிச்சிருக்கேன் பிரமிளா” என்றாள். “ஆள் வருது.”